தலைசுற்றலா? சத்து ஊசிக்கு முன் பார்க்க வேண்டியவை

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வயதானவர் ‘தலை சுத்துது’ என்றால், சத்துக் குறைவாக இருக்கும், ஊசி போட்டால் சரியாகும் என்பார்கள். அதற்கு முன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். வைட்டமின் பி12 ஊசியோ பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையோ போன பிறகு பரிசோதித்தால், குறைபாடு இருந்தாலும் அளவு சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை இவற்றோடு சுற்றினால் எதற்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மற்றபடி, எப்போது சுற்றுகிறது என்று கேளுங்கள். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் அறையே சுழன்றால் பெரும்பாலும் உள்காதுக் கோளாறு. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைத் திருப்பிச் செய்யும் பயிற்சியே அதற்கு மருந்து. எழும்போது கிறுகிறுத்தால், ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதுதான் காரணமாக இருக்கலாம். மலைக் குளிரில் தாகம் தெரியாது, தண்ணீர் குடிப்பது குறையும். அதோடு பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் இப்படி ஆகும்.

சுழற்சி இல்லை, நடையில்தான் தள்ளாட்டம். இருட்டிலும், கண்ணை மூடி முகம் கழுவும்போதும் அதிகம் என்றால் பி12-ஐச் சந்தேகியுங்கள். பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு பழுதாகிவிடுகிறது. பகலில் கண் ஈடுகட்டும். மூடுபனியில், இரவுப் படிக்கட்டில் முடியாது. பாத மரப்பு, நாக்கு எரிச்சல், மறதியும் கூட வரலாம். பல வருடம் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் அல்லது ஓமெப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரை சாப்பிடுபவர்கள், இறைச்சி தொடாதவர்கள், இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்கள் இதில் முன்னால் நிற்கிறார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்), முழு ரத்த எண்ணிக்கை, வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். பி12 பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு. 200–300-ல் அறிகுறி இருந்தால் ‘நார்மல்’ என்று விட்டுவிடக் கூடாது. ரத்தசோகை இல்லாமலும் நரம்பு கெடும். ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும். பி12 குறைவால் வரும் நரம்புச் சேதமோ சத்தமில்லாமல் தொடரும்.

நரம்பு பாதித்திருந்தால் 1,000 மைக்ரோகிராம் பி12 ஊசியை மருத்துவர் பல தவணையாகப் போடுவார். மரப்பு குறைய மாதங்கள் ஆகும். ரொம்பத் தாமதித்தால் முழுதும் மீளாமலும் போகலாம். ஒரு டம்ளர் பாலில் சுமார் ஒரு மைக்ரோகிராம் பி12, முட்டையில் அரை. தினத் தேவை இரண்டுக்குச் சற்று மேல். கீரையில் இல்லை. உறிஞ்சும் திறனே குறைந்தவருக்கு உணவு மட்டும் போதாது.

வைட்டமின் டி குறைந்தால் தொடைத் தசை தளர்ந்து தள்ளாட்டம் வரும். ஸ்வெட்டரும் சால்வையுமாய் உடம்பை மூடிக்கொண்டு கண்ணாடி ஜன்னலோர வெயிலில் உட்கார்வதால் பயனில்லை. 60,000 யூனிட் மாத்திரையைக் கணக்கில்லாமல் தொடர்ந்தால் கால்சியம் ஏறி வாந்தியும் குழப்பமும் வரும்.

ஹீமோகுளோபின் குறைந்தாலும் தலை சுற்றும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்புச் சத்தைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.