பெரிய பட்ஜெட் காமெடியில் டைமிங்கைக் கெடுக்கும் தவறுகள்

கையில் பணம் இருந்தால் சண்டைக் காட்சி பிரமாதமாக வரும், பாட்டும் வரும். காமெடிதான் பல நேரம் ஊத்திக்கொள்ளும். உடனே நடிகருக்கு டைமிங் இல்லை என்று பழி போடுவோம். பாதி டைமிங் அவர் கையிலேயே இல்லை என்பதுதான் விஷயம்.

முதல் தவறு, வசனத்தை ஒரு வேளையிலும் அதைக் கேட்பவரின் முகத்தை இன்னொரு வேளையிலும் எடுப்பது. ஊட்டியில் இது அடிக்கடி நடக்கும். ஒன்பதாவது மைல் ஷூட்டிங் மட்டத்தில் கிரேன் போட்டு, புல்வெளி முழுக்கத் தெரிகிற மாதிரி அகலமான ஷாட்டை முதலில் எடுப்பார்கள். முகத்துக்கு வருவதற்குள் மூட்டம் இறங்கிவிடும். கேரவன், ஜெனரேட்டர் வண்டி, ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் கூட்டம் எல்லாம் வாடகையைத் தின்றபடி சும்மா நிற்கும். மூட்டம் விலகியதும், "ரியாக்‌ஷன் மட்டும் எடுத்துடலாம் சார்" என்று ஓடி வருவார் அசோசியேட் டைரக்டர். ஜோக் சொன்ன நடிகரோ கால்ஷீட் முடிந்து மலை இறங்கியிருப்பார். அவர் இடத்தில் உதவி இயக்குநர் நின்று, பேப்பரைப் பார்த்து வசனத்தை ஒப்பிப்பார். அதைக் கேட்டு யாருக்குச் சிரிப்போ திகைப்போ வரும்? மலையில் எடுப்பதென்றால் இரண்டு பேரையும் ஒரே ஃபிரேமில் நிறுத்தி, காட்சியை முழுசாக எடுத்துவிட வேண்டும். ட்ரோனெல்லாம் அப்புறம்.

1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்கிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்பவரைவிடக் கேட்கிற பாலையாவின் முகத்தில்தான் அதிகம் சிரிக்கிறோம். அதற்கு இரண்டு பேர் போதும். பெரிய செலவு செய்தாலும் கணக்கு இதுதான். 1926-இல் ஹாலிவுட் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் ‘தி ஜெனரல்’ படத்துக்காக நிஜ ரயில் எஞ்சினையே பாலத்தோடு ஆற்றில் விழவைத்தார். மௌனப் படக் காலத்தின் மிகச் செலவான ஷாட் என்று அதைச் சொல்வார்கள். எஞ்சின் விழும்போது வாய் பிளக்கிறோம். பாலம் தாங்கும் என்று அனுப்பிவைத்த அதிகாரியின் முகத்தைக் காட்டும்போதுதான் சிரிப்பு வருகிறது. இன்றைய படங்களில் அந்த முகத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. அத்தனை கோடி கொட்டிச் செய்த விபத்தை இன்னும் நாலு கோணத்தில் காட்டத்தானே தோன்றும்!

கிராபிக்ஸ் வந்தால் சிக்கல் கூடுகிறது. காட்டெருமை துரத்துகிற காமெடி என்றால், கம்பில் கட்டிய பந்தைப் பார்த்துத்தான் நடிகர் மிரள வேண்டும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஒரு ஜோக் எடுபடுவதும் எடுபடாமல் போவதும் ஆறேழு ஃபிரேமில் இருக்கும். ஆனால் கிராபிக்ஸ் கம்பெனிக்கு ஷாட்டின் நீளத்தை முன்னாடியே முடிவுசெய்து கொடுத்தாக வேண்டும். எருமை தயாராகி வந்தபிறகு "அரை வினாடி கழித்துத் திரும்பினால் நன்றாக இருக்குமே" என்று எடிட்டருக்குத் தோன்றினால் மறுபடி செலவு. பெரும்பாலும் "சரி, இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். கச்சா அனிமேஷனை வைத்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு நீளத்தை முடிவுசெய்வது நல்லது.

பின்னணி இசைக்காரரைக் கூப்பிட்டு "இங்கே ஒரு டொய்ங் போடுங்க" என்பதும் தவறுதான். சிரிக்க வேண்டிய இடத்தைச் சத்தம் போட்டுச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. நாலைந்து மொழியில் ஒரே நாளில் வெளியிடும் படங்களில் டப்பிங் தொல்லை வேறு. உதட்டசைவுக்கு ஏற்ப வார்த்தையை நீட்டுவார்கள், பஞ்ச் தாமதமாக வந்து விழும்.

கடைசியாக, எடிட் செய்ததை யூனிட் ஆட்களுக்கே போட்டுக் காட்டித் திருப்திப்படுவது. குளிரில் நின்று அந்த ஜோக்கை இருபது டேக் கேட்டவர்கள் அவர்கள். தயாரிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இருபத்தோராவது தடவையும் சிரிப்பார்கள்.