வெளியீட்டுக்கு முன் அம்சங்களை வெட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

இணையத்தில் மெய்நிகர் உலகம், அதாவது பலர் ஒரே உலகத்துக்குள் வந்து ஆடும் ஆட்டம், கட்டுகிற எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில், வாக்குக் கொடுத்த ஒன்றை எடுத்துவிட்டுத்தான் வெளியிடுகிறார்கள். பணம் தீர்ந்துபோகும், சர்வர் தாங்காது, பீட்டா சோதனையில் ஆடியவர்களுக்குப் பிடிக்காமல் போகும். வெட்டுவது தவறே இல்லை. ஆனால் இப்போது புதுக் குழுக்களோடு உட்கார்ந்து வேலை செய்யும்போது, எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே பிசகுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முடியாததைச் சொல்லாதே, பட்ஜெட்டைப் பார்த்துப் பேசு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். வெட்டுவது என்று முடிவான பிறகு நடக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கடைசி நேரத்தில் சொல்வது

'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி ஆட்டம் 2016 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பேட்டிகளில், பிரபஞ்சம் அவ்வளவு பெரியது, அதனால் இன்னொரு ஆட்டக்காரரைச் சந்திப்பது அரிது என்ற தொனியில்தான் பேசப்பட்டது. அரிது என்றால் நடக்கக்கூடியது என்றுதானே கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்? இது பலர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அல்ல என்று அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஷான் மர்ரி ட்விட்டரில் தெளிவாகச் சொன்னது வெளியீட்டை ஒட்டித்தான். வந்த உடனேயே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. பலர் சேர்ந்து ஆடும் வசதி முழுமையாக வந்தது 2018 ஜூலையில்.

இதற்கு எதிர்ப்பக்கம் 'வார்ஹாம்மர் ஆன்லைன்'. 2008 செப்டம்பரில் வெளிவர வேண்டிய ஆட்டம் அது. ஆறு தலைநகரங்களில் நான்கும், நான்கு பாத்திர வகுப்புகளும் (ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் போர்வீரர் வகைகள்) இருக்காது என்று மித்திக் நிறுவனத்தின் மார்க் ஜேக்கப்ஸ் ஜூலையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். தரம் போதவில்லை, அதனால் எடுக்கிறோம் என்பதுதான் காரணம். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஆனாலும் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தார்கள். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் வட்டியோடு திரும்பி வரும்.

அம்சத்தை எடுத்துவிட்டு, அதை நம்பி நின்றதையெல்லாம் அப்படியே விடுவது

இந்த ஒரு தவறுதான் இன்றுவரை எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. இதில் போகும் பணமும் ஆட்களும் மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தால்கூட வராது.

ஒரு மெய்நிகர் உலகத்தில் எந்த அம்சமும் தனியாக நிற்பதில்லை. வீடு என்று ஒன்றை வைத்தால், அதற்குள் போட நாற்காலி வேண்டும், நாற்காலி செய்யத் தச்சர் தொழில் வேண்டும், மனைக்கு வரி வேண்டும், அந்த வரியைக் கட்டும் அளவுக்குச் சம்பாதிக்க வேலைகள் வேண்டும். வீட்டை எடுத்தால் இவை எல்லாமே காலூன்ற இடமில்லாமல் நிற்கும். கண்ணுக்கு மட்டும் தெரியாது.

நான் பொருளாதாரப் பகுதியில் வேலை செய்த ஒரு ஆட்டத்தில் அப்படியேதான் நடந்தது. முதல் டிரெய்லரிலேயே வீடு காட்டியாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்பதை சர்வர் எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சோதனையில் அந்தச் சுமை கைமீறிப் போனது. வீட்டை எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். சரியான முடிவு, இன்றும் அதையேதான் சொல்வேன்.

அப்புறம் வேறு எதையும் யாரும் தொடவில்லை. டியுடோரியல் அப்போதும் புதியவருக்கு நாற்காலி செய்யத்தான் சொல்லிக் கொடுத்தது. தச்சர் தொழில் இருந்தது, வைக்க இடம் இல்லை. அதைவிட மோசமானது பணம். ஆட்டக்காரர் கையில் சேரும் பணத்தைத் திரும்ப உறிஞ்சும் முக்கியமான வழியே மனை வரிதான். வேலைகளுக்கான கூலி எல்லாம் அந்த வரியைக் கணக்கில் வைத்து நிர்ணயித்தது. வரி போய்விட்டது, கூலி அப்படியே நின்றது. கூலியைக் குறைக்க வேண்டும், அல்லது பணம் போக வேறு வழி வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசினோம். "அடுத்த பேட்ச்ல வீடு வந்துடும், அதுவரைக்கும் தாங்கும்" என்று பதில் வந்தது.

தாங்கவில்லை. உலகத்துக்குள் பணம் கொட்டிக்கொண்டே இருந்தது, வெளியே போக வழியில்லை. சந்தையில் விலை ஏறி, நேற்று சேர்ந்தவரால் ஒரு கோடாரிகூட வாங்க முடியாத நிலை வந்தது. தச்சர்கள் பை நிறைய நாற்காலிகளோடு அலைந்தார்கள். முதலில் போனவர்கள் அவர்கள்தான். பொருள் செய்கிறவர்கள், கடை போடுகிறவர்கள், புதியவர்களுக்கு வழி காட்டுகிறவர்கள் இவர்களைத்தான் எந்த உலகமும் இழக்கக் கூடாது. வீடு இல்லை என்பதற்காக அவர்கள் போகவில்லை. வீடு இல்லாத உலகத்தில் தங்களுக்கு வேலையே இல்லை என்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெரிய பெயர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' 2003 ஜூனில் வந்தபோது வாகனங்களும் ஆட்டக்காரர்கள் கட்டும் நகரங்களும் அதில் இல்லை. சில மாதங்கள் கழித்துத்தான் வந்தன. ஆனால் கிரகங்களின் பரப்பு வாகனம் இருக்கும் என்ற கணக்கில் போட்ட அளவிலேயே இருந்தது. ஓர் இடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மக்கள் நிமிடக்கணக்கில் ஓடினார்கள். வாகனம் தாமதமாகும் என்று தெரிந்ததும் இடைத்தூரத்தைக் குறைத்திருக்கலாம், பயண நிலையங்களைக் கூட்டியிருக்கலாம்.

மேலே சொன்ன வார்ஹாம்மரிலும் இதே கதைதான். அறிவித்த விதம் நேர்மையானது, ஆனால் விழுந்த ஓட்டையைப் பாருங்கள். ஆட்டத்தின் ஆறு இனங்களில் எம்பயர் இனத்துக்கு நைட் என்ற வகுப்பு போனது, டார்க் எல்ஃப் இனத்துக்கு பிளாக்கார்ட் என்ற வகுப்பு போனது. இரண்டும் அடியை முன்னால் நின்று வாங்கும் வகுப்புகள். குள்ளர்கள், கிரீன்ஸ்கின்கள் என்ற இரண்டு இனங்களும் நெருங்கி நின்று வெட்டும் வகுப்பை இழந்தார்கள். இந்த இனங்களில் ஒன்றாகவே சேர்ந்து ஆட ஆசைப்பட்ட நண்பர்கள் குழுவுக்கு, ஒரு முக்கிய இடத்தை நிரப்ப ஆளே கிடையாது. நகரங்களிலும் அப்படித்தான். மூன்று இணைகளாக ஆறு இனங்கள் மோதும் போர், ஆனால் முற்றுகையிட நகரங்கள் ஒரே இணைக்குத்தான். மற்ற நான்கு இனங்களும் தங்கள் போரின் முடிவைக் காண அடுத்தவர் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது.

சரி, ஒழுங்காகச் செய்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். 'ஊரு' (Uru) என்ற ஆட்டம் 2003 நவம்பரில் தனியாக ஆடும் ஆட்டமாக வந்தது. இணையப் பகுதி பின்னாலேயே வருவதாக இருந்தது, 2004 பிப்ரவரியில் ரத்தானது. அந்த ஆட்டத்தின் உயிரே அதுதான். பழைய நகரம் ஒன்றைப் பலர் சேர்ந்து மீட்டெடுப்பதாகக் கதை. அதை உருவாக்கிய சயன் நிறுவனம் கட்டி வைத்திருந்த பகுதிகளைத் தனியாள் விரிவாக்கமாக வெளியிட்டபோது, கதையையும் மாற்றியது. மீட்புப் பணி கைவிடப்பட்டது, மக்கள் போய்விட்டார்கள், அவர்கள் விட்டுச்சென்ற குறிப்பேடுகள் கிடக்கின்றன. ஆட்டக்காரர் நுழைவது வெறிச்சோடிய நகரத்துக்குள். வெட்டு என்ன என்பதை அந்த உலகமே ஒப்புக்கொண்டது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

'அல்டிமா ஆன்லைன்' இன்னொன்று. 1997-ல் வந்த அந்த உலகத்துக்கு, விலங்குகள் ஒன்றையொன்று தின்று வாழும் உயிர்ச்சூழல் திட்டமிட்டிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கொன்று தள்ளினார்கள், அந்தச் சமநிலை உருவாகவே வாய்ப்பில்லை. அந்த அம்சம் போனது. விலங்குகள் குறித்த இடங்களில் மீண்டும் தோன்றும் எளிய ஏற்பாடு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. வேட்டைக்காரருக்குத் தோலும் இறைச்சியும் தொடர்ந்து கிடைத்தன.

ஆக, செய்ய வேண்டியது இதுதான். எடுக்கப்போகும் அம்சத்தின் பெயரை எல்லா வடிவமைப்பு ஆவணங்களிலும் தேடுங்கள். அது பாதி வேலை. மீதிப் பாதி பெயரே வராத இடங்களில் இருக்கிறது. கூலி, விலை, தூரம், காத்திருக்கும் நேரம் என்று வெறும் எண்களாக உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணைப் போட்டவரைக் கூப்பிட்டு எதை நினைத்துப் போட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் போன் செய்தாவது கேளுங்கள். பிறகு சோதனை சர்வரில் அம்சத்தை அணைத்துவிட்டு, அதைப் பற்றிக் கேள்விப்படாத ஆட்களை விட்டு ஆடச் சொல்லுங்கள். எங்கே நின்று இப்போது என்ன செய்வது என்று விழிக்கிறார்களோ, ஓட்டை அங்கேதான்.

ஓடாததை மேடையில் காட்டுவது

2022 அக்டோபரில் மெட்டா தன் மெய்நிகர் உலகத்து உருவங்களுக்குக் கால் வரப்போகிறது என்று காட்டியது. மேடையில் ஆடிய கால்கள் மனிதர்களின் அசைவைப் பதிவு செய்து தயாரித்தவை என்று பிறகு தெரியவந்தது. கால்கள் 2023-ல் வந்துவிட்டன, ஆனால் பேச்செல்லாம் அந்தக் காட்சியைப் பற்றித்தான் நடந்தது. ஓடுகிற கட்டமைப்பில் இல்லாததைக் காட்டினால், அதைப் பிறகு வெட்டும் உரிமையையும் சேர்த்து இழக்கிறீர்கள்.

"விரைவில் வரும்"

எழுதாதீர்கள்.

மிச்சத்தை உள்ளே விட்டுவைப்பது

வெட்டிய அம்சத்தின் மங்கலான பட்டன், பூட்டிய கதவு, பயன் இல்லாத ஒரு பொருள். எல்லாவற்றையும் எடுங்கள். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தின் ஸ்டார்ம்விண்ட் நகரில் நுழைய முடியாத ஒரு சுழல் வாசல் இருந்தது. அது வீடுகளுக்கானது என்று ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் வந்தது 2004-ல், வீடுகள் அறிவிக்கப்பட்டது 2024-ல். நீங்கள் மறந்துபோன கதவை ஆட்டக்காரர் மறக்க மாட்டார்.

தேதி சொல்வது

வேண்டாம். மாதமும் வேண்டாம்.

உதவிக் குழுவுக்குக் கடைசியில் சொல்வது

மாடரேட்டர்களும் (ஆட்டக்காரர்களின் உரையாடலைக் கண்காணிப்பவர்கள்) உதவிக் குழுவினரும் வெட்டைப் பற்றி ஆட்டக்காரர் வாயிலிருந்து கேட்டால், அன்று முழுக்க அவர்கள் தப்பான பதிலையே கொடுப்பார்கள். முடிவான அன்றே அவர்களிடம் சொல்லுங்கள். என்ன போகிறது, ஏன் போகிறது, அதற்குப் பதில் என்ன என்று மூன்று வரி போதும்.

முன்பதிவுப் பணத்தைப் பிடித்து வைப்பது

வெட்டிய அம்சத்தைச் சேர்த்து ஒரு சிறப்புப் பதிப்பு விற்றிருந்தால், வாங்கியவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இணைப்பை வெட்டு அறிவிப்பின் முதல் பத்தியிலேயே வையுங்கள். ஆட்டத்துக்குள் செல்லும் நாணயத்தை ஈடாகக் கொடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள். மேலே சொன்ன மனை வரிப் பிரச்சினையை அது இன்னும் பெரிதாக்கும்.