குன்றின் மேல் ஊர்: வெஸ்லேயில் உங்கள் முதல் ஓட்டப்பாதையை அமைப்பது எப்படி?

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், யோன் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் வெஸ்லே. நானூறு பேர் அளவில்தான் வாழ்கிறார்கள். குன்றின் உச்சியில் மரிய மதலேனாள் பேராலயம். அதன் வாசலிலிருந்து ஒரே தெரு சரிந்து இறங்குகிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், கோதுமை வயல்கள், காடு. கீழே க்யூர் ஆறு. பேராலயமும் குன்றும் 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

அங்கே நான் முதன்முதலில் ஓடிய நாளில் வரைபடத்தில் 8 கிலோமீட்டர் அளந்துகொண்டு கிளம்பினேன். முதல் இரண்டு கிலோமீட்டர் ஆற்றை நோக்கி ஒரே இறக்கம். கால்கள் தாமாகவே ஓடின. இவ்வளவு நன்றாக ஓடுகிறேனே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கடைசி இரண்டு கிலோமீட்டரில் அத்தனைக்கும் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. தார்ச்சாலை ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நின்ற என்னைச் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் நிதானமாக முந்திக்கொண்டு போனார்.

குன்றின் மேல் உள்ள ஊரில் பாதையைக் கடைசியிலிருந்துதான் போட வேண்டும். அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஏற்றத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பேராலயம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் ஆற்றோரமாக இருக்கும் சேன்-பேர் ஊர் ஏறக்குறைய 150 மீட்டரில். இரண்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர்தான். அதாவது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏழு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். புதிதாக ஓடுபவருக்கு இது நடக்க வேண்டிய சரிவு. நடப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. மலைப்பாதைப் போட்டிகளில் ஓடுபவர்களும் இப்படிப்பட்ட இடங்களில் நடக்கிறார்கள்.

பிரான்சில் காட்டுப்பாதையில் ஓடுபவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டர் சமதளமாக எண்ணிக் கூட்டிக்கொள்வார்கள். உங்கள் பாதை 8 கிலோமீட்டர், ஏற்றம் மொத்தம் 170 மீட்டர் என்றால் 9.7 கிலோமீட்டருக்கான உழைப்பு. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுப்பவர் 56 நிமிடம் என்று நினைத்துக் கிளம்பக்கூடாது. 68 நிமிடம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

படி 2: வரைபடத்தைப் படியுங்கள்

ஐஜிஎன் என்ற அரசு நிலவரைவு நிறுவனம் வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தை விட நல்ல துணை இல்லை. அதில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அங்கேயே கோடு இழுத்து நீளத்தையும் அளக்கலாம். காகிதத்தில் வாங்கினால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். பள்ளத்தாக்கில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்களில் அது கைகொடுக்கும்.

முதலில் பழுப்பு நிற உயரக்கோடுகளைப் பாருங்கள். நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மெல்லிய சரிவு. பிறகு பாதைகள். நிறம் நிரப்பிய கோடுகள் வண்டி ஓடும் சாலைகள். மெல்லிய கறுப்புக் கோடு டிராக்டர் போகும் வண்டித்தடம். விட்டுவிட்டு வரும் கோடு ஒற்றையடிப் பாதை. தொடக்கக்காரருக்கு ஏற்றது வண்டித்தடம்தான்: அகலமானது, மண்தரை, வழி தவறுவது கடினம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். வரைபடத்தில் பாதை இருப்பதால் மட்டும் அதில் போக உரிமை வந்துவிடாது. ஊராட்சிக்குச் சொந்தமான கிராமப் பாதைகளில் யாரும் போகலாம். வயலுக்குப் போகச் சொந்தக்காரர்கள் போட்டுக்கொண்ட தடத்தை அவர்கள் மூடிவைக்கலாம். ‘ப்ரொப்ரியேத்தே ப்ரிவே’ (தனியார் சொத்து) என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள்.

படி 3: இந்த மூன்றில் ஒன்றில் தொடங்குங்கள்

முதல் வாரத்துக்கு மதில் சுற்று போதும். பழைய ஊர்மதிலை ஒட்டிய நடைபாதையில் மெதுவாக ஓடினால் பதினைந்து, இருபது நிமிடம். பேராலயத்தின் பின்புறத் திறந்தவெளியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் அடுத்த வாரம் ஓடப்போகும் இடமெல்லாம் காலடியில் விரிந்து கிடக்கும்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். உச்சியில் தொடங்காதீர்கள். காரிலோ நடந்தோ சேன்-பேருக்கு இறங்கி, அங்கிருந்து ஆற்றின் போக்குக்கு எதிர்த்திசையில் தெற்கே பியர்-பெர்த்துயி வரை ஓடுங்கள். போக வர ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், பெரும்பாலும் மெல்லிய ஏற்ற இறக்கம்தான். வழியில் ஃபோந்தேன் சாலே என்ற உப்பு ஊற்றுகள் வரும். அங்கே உப்புநீர் எடுக்க ஓக் மரத்தண்டுகளைக் குடைந்து மனிதர்கள் கிணறு இறக்கியது கி.மு. 2200-ஐ ஒட்டிய காலத்தில். பின்னால் ரோமானியர் காலத்தில் அதே இடத்தில் குளியல் மண்டபம் எழுந்தது. பியர்-பெர்த்துயியில் ஆற்றின் மேல் இரண்டு பாலங்கள்: கீழே 18ஆம் நூற்றாண்டின் கூன் முதுகுக் கல்பாலம், அதற்கு மேலே வெகு உயரத்தில் பின்னால் கட்டிய சாலைப் பாலம். கீழ்ப்பாலத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். இதை மூச்சு வாங்காமல் முடிக்க முடிந்த பிறகு உச்சியிலிருந்து தொடங்கலாம். அப்போது இதுவே 11 கிலோமீட்டர் அளவில் வரும்.

மூன்றாவது பாதை வடக்குச் சரிவில். சேந்த்-க்ருவா வாசல் வழியாக வெளியேறி, லா கோர்தெல் சிற்றாலயம் தாண்டி, அஸ்கேன் ஊருக்கு இறங்குவது. 1146ஆம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் கிளேர்வோ மடத்தலைவர் பெர்னார்ட், அரசர் ஏழாம் லூயியின் முன்னிலையில் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிப் பேசினார். கூட்டம் ஆலயத்துக்குள் அடங்காததால் அவர் பேசியது இந்தச் சரிவில்தான். பாதை கல்லும் வேருமாக இருக்கும். இறங்கும்போது சிற்றடி வைத்து இறங்குங்கள். தூரம் குறைவு, ஏற்றம் முழுவதும் திரும்பும்போதுதான். ஆகவே அஸ்கேனில் கால் கெஞ்சத் தொடங்கினால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

படி 4: மரத்திலும் கல்லிலும் உள்ள வண்ணக்கோடுகள்

வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்றால் ஜிஆர் எனப்படும் நெடும்பாதை. இங்கே ஜிஆர் 13 மொர்வான் குன்றுகளை நோக்கிப் போகிறது. மஞ்சள் ஒற்றைக்கோடு என்றால் ஒரு நாளுக்குள் முடியும் உள்ளூர்ப் பாதை. உங்களுக்கு அதுவே உகந்தது. நேர்க்கோடு ‘சரியான வழி’, வளைந்த அம்பு ‘திரும்பு’, பெருக்கல் குறி ‘இந்தப் பக்கம் வராதே’. ஓடுகிற வேகத்தில் பெருக்கல் குறி கண்ணில் படாது. ஐந்து நிமிடமாக எந்தக் குறியும் வரவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிப் போங்கள். குறுக்கே வெட்டிச் சேர்ந்துவிடலாம் என்ற எண்ணம் முள்வேலியில்தான் கொண்டுவிடும். மாடு மேயும் வயல்களில் அது மின்வேலி.

படி 5: கிளம்பும் முன்

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டைப் பருவம். ஞாயிறு காலைகளில் காட்டுப்பக்கம் போகாதீர்கள். ‘ஷாஸ் ஆன் கூர்’ என்ற பலகை இருந்தால் வேட்டை நடக்கிறது என்று பொருள், பாதையை மாற்றுங்கள். மற்ற நாட்களிலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டை நல்லது.

சேன்-பேருக்கு இறங்கும் டி 957 போன்ற சாலையில் கால்வைக்க நேர்ந்தால் இடப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். வளைவுகள் அதிகம். வண்டித்தடம் இருக்கும்போது சாலைக்குப் போகவே வேண்டாம் என்பது என் கட்சி.

மழை பெய்த மறுநாள் திராட்சைத் தோட்டத்துக் களிமண் காலணியோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு பாதத்தையும் கனக்கச் செய்யும். அன்றைக்கு வேகத்தை மறந்துவிடுங்கள். வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை உயரமான புல்லில் உண்ணிகள் உண்டு. அவற்றில் சில லைம் நோயைப் பரப்பும். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறத்தையும் இடுப்பு மடிப்பையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனிக் கவ்வியால் தோலை ஒட்டிப் பிடித்து இழுத்து எடுங்கள்.

தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஊர்க் கல்லறைத்தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்காக அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். ‘நோன் போதாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள், தலையை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112. வழியில் யாரைக் கண்டாலும் ‘போன்ஷூர்’ என்று சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலும் சொல்லுங்கள். அவர்கள் தங்கள் நாயைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்வது அந்த வணக்கத்துக்குப் பிறகுதான்.

திரும்பி வரும்போது ஊரின் ஒரே தெருவில் கடைசி ஏற்றம் காத்திருக்கும். கற்கள் பதித்த தரை, சுற்றுலாக் கூட்டம் வேறு. அங்கே நான் ஓடுவதே இல்லை. ஊர் வாசலில் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடந்துதான் ஏறுகிறேன்.