மண்பானையில் தண்ணீரைக் குளிர வைப்பது எப்படி?

புதிய பானையைச் சோப்பு போடாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். சுட்ட களிமண்ணில் நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் வழியே கசிந்து வெளிப்புறத்தில் ஈரமாகப் படரும் நீர், ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் நீர் 1 டிகிரி செல்சியஸ் குளிர்வதற்கோ சுமார் 4,200 ஜூல் வெளியேறினால் போதும். ஆகவே, வெளி வெப்பம் உள்ளே வராது என்று வைத்துக்கொண்டால், 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி நீர் ஆவியானாலே ஒரு லிட்டர் நீர் 5 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும்.

பளபளப்பான பெயிண்ட் பூசிய பானை பார்வைக்கு அழகுதான். துளைகள் அடைபட்டுவிடுவதால் இந்த வேலைக்கு அது உதவாது.

பானையை வெயில் படாத, காற்றோட்டமுள்ள ஜன்னலோரத்தில் ஈர மணல்மேல் வைக்கவும். சமையலறை மூலையில் வைத்தால், பானையைச் சுற்றித் தேங்கும் ஈரக்காற்று ஆவியாதலைத் தடுக்கும். கடலோர ஊர்களின் புழுக்கமான நாட்களில் குளிர்ச்சி குறைவதற்கும் இதுவே காரணம். மாறாக, 38 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், கொள்கையளவில் 24 டிகிரி வரை நீர் குளிரலாம்.

சில மாதங்களில் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் படிந்தால், அதை நன்கு தேய்த்தெடுத்து, பானையை வெயிலில் காய வைத்த பிறகு மீண்டும் பயன்படுத்தலாம்.