'சர்வதேசச் சட்டத்துக்கு எதிரானது' என்று எழுதும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்கள் அரசியலமைப்பு இதை அனுமதிக்கிறது, எங்கள் நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது." ஒரு சட்டமோ அரசு நடவடிக்கையோ சர்வதேசச் சட்டத்தை மீறுகிறது என்று யாராவது சொன்னால், அரசுகள் முதலில் நீட்டும் பதில் இதுதான். அந்தப் பதிலோடு நாமும் அடங்கிப் போவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு. உள்நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த நாடு வெளியே என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது வேறு கேள்வி. ஒப்பந்தங்கள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: ஒப்பந்தத்தை நிறைவேற்றாததற்கு எந்த நாடும் தன் உள்நாட்டுச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

இது நேற்று வந்த விதியும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிரிட்டனில் கட்டப்பட்ட 'அலபாமா' போன்ற கப்பல்கள் தென் மாநிலங்களின் கைக்குப் போய், வட மாநிலங்களின் வணிகக் கப்பல்களைச் சூறையாடின. அவற்றைத் தடுக்கத் தன் சட்டத்தில் போதிய அதிகாரம் இல்லை என்று பிரிட்டன் வாதிட்டது. 1872இல் ஜெனீவா நடுவர் மன்றம் அதை ஏற்கவில்லை. 1 கோடியே 55 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க வைத்தது.

இலங்கையின் சிங்கராசா வழக்கை நிதானமாகப் படித்தால் இரண்டு கேள்விகளும் எங்கே பிரிகின்றன என்பது தெளிவாகும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான அவருக்கு எதிராக இருந்த முக்கியச் சான்று ஒரு வாக்குமூலம். அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவர் தமிழ் பேசுபவர். புரியாததில் கையெழுத்திட மறுத்தபோது பெருவிரல் ரேகையை வலுக்கட்டாயமாகப் பதிய வைத்தார்கள் என்பது அவர் தரப்பு. வாக்குமூலம் மிரட்டிப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அந்தச் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே கட்டியது. உள்நாட்டு நீதிமன்றங்கள் அதன்படியே தீர்ப்பளித்தன. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு முடிவு சொன்னது. அந்தக் குழுவிடம் தனிநபர்கள் முறையிட வழிசெய்யும் நெறிமுறையில் 1997இல் ஜனாதிபதி நாட்டைச் சேர்த்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் கூறி, குழுவின் முடிவை வைத்து சிங்கராசா போட்ட மனுவைத் தள்ளுபடி செய்தது. உள்ளூரில் கதவு மூடியது. ஆனாலும் இலங்கை அந்த நெறிமுறையிலிருந்து விலகவில்லை. வெளியே கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது.

'அரசு' என்றால் அமைச்சரவை மட்டும்தான் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. நாடாளுமன்றம், நீதிமன்றம், மாநில அரசு, காவல் நிலையம் எல்லாமே சர்வதேசச் சட்டத்தின் பார்வையில் அரசுதான். 2004இல் சர்வதேச நீதிமன்றம், தூதரக உதவி பெறும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மெக்சிகோ நாட்டவர் 51 பேரின் வழக்குகளை அமெரிக்கா மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. டெக்சாஸ் மாநிலம் கேட்கவில்லை. 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, அந்தத் தீர்ப்பால் நாட்டுக்கு ஒரு சர்வதேசக் கடமை உண்டு, ஆனால் அது உள்நாட்டில் தானாகச் சட்டமாகிவிடாது என்றது. அவர்களில் ஒருவருக்கு அந்த ஆகஸ்டில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2009இல் சர்வதேச நீதிமன்றம், அமெரிக்கா கடமையை மீறிவிட்டது என்றே பதிவு செய்தது. மாநிலம் செய்த காரியத்துக்கு நாடுதான் பொறுப்பு.

அரசுகளின் தவறுகள் இப்படி என்றால், அவற்றை விமர்சிக்கும் நம் பக்கத்திலும் அவசரம் உண்டு. கையெழுத்திட்டாலே நாடு கட்டுப்பட்டுவிட்டது என்று எழுதிவிடுகிறோம். பெரும்பாலான உடன்படிக்கைகளில் கையெழுத்துக்குப் பிறகு ஏற்புறுதி என்றொரு படி இருக்கிறது; கட்டுப்படுகிறோம் என்று நாடு முறைப்படி உறுதி செய்வது அப்போதுதான். அமெரிக்கா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1995இல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியாவின் நிலையும் அதுவே, கையெழுத்து 1997இல். அதற்காகச் சித்திரவதை செய்யலாம் என்று ஆகிவிடாது. அந்தத் தடை எந்த நாடும் விலக முடியாத வழக்காறாகிவிட்டது, அதாவது ஒப்பந்தம் இல்லாமலே எல்லா நாடுகளையும் கட்டும் விதியாகிவிட்டது என்று 2012இல் சர்வதேச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே எந்தக் கடமை, எந்த வழியாக, எந்த நாளிலிருந்து இந்த நாட்டைக் கட்டுகிறது, சேரும்போது ஏதாவது பிரிவு தனக்குப் பொருந்தாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை ஒப்பந்தம் போலக் காட்டி வாதிடுவதும் இதே அவசரம்தான். அது ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம், ஒப்பந்தம் அல்ல. குடிமை, அரசியல் உரிமைகளுக்கு ஒன்று, பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு ஒன்று என 1966இல் வந்த இரண்டு உடன்படிக்கைகளைக் கையில் எடுத்தால் வாதம் உறுதியாக நிற்கும்.

உரிமைக்கு ஒரு கட்டுப்பாடு வந்த உடனே 'மீறல்' என்று முத்திரை குத்துவதும் நம் பழக்கம். கருத்துரிமையைக் கட்டுப்படுத்த, குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆவது பிரிவே இடம் தருகிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள்: தெளிவான சட்டம் இருக்க வேண்டும், அந்தப் பிரிவில் சொன்ன நோக்கங்களில் ஒன்றுக்காக இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு அது உண்மையிலேயே தேவையானதாகவும் அளவுக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும். தேர்வில் முறைகேட்டைத் தடுக்க ஒரு பிராந்தியம் முழுவதும் இணையத்தை முடக்கும் ஆணையை எடுத்துக்கொள்வோம். அதிகாரம் தரும் சட்டம் இருக்கலாம். நோக்கத்தையும் ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்ளலாம். தேர்வு அறையில் கைப்பேசியைத் தடை செய்தால் தீரும் காரியத்துக்கு, தேர்வோடு சம்பந்தமே இல்லாத லட்சக்கணக்கானவர்களின் தொடர்பை அறுப்பது மூன்றாவது நிபந்தனையில் தோற்றுவிடும். 'இது அராஜகம்' என்பதைவிட, எந்தப் படியில் ஏன் தோற்கிறது என்று காட்டுவதற்குத்தான் அரசு பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

நல்ல நோக்கத்தோடு இயற்றிய சட்டம் சர்வதேசச் சட்டத்தோடு மோதாது என்ற நம்பிக்கையும் சரியல்ல. கொடூரக் குற்றங்கள் எங்கே நடந்தாலும் விசாரிக்க பெல்ஜியம் 1993இல் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி காங்கோ வெளியுறவு அமைச்சருக்கு எதிராகப் பிடியாணை பிறப்பித்தபோது, பதவியில் இருக்கும் வெளியுறவு அமைச்சரைப் பிற நாடுகள் கைது செய்யவோ வழக்குத் தொடரவோ கூடாது என்ற விலக்குரிமை மீறப்பட்டது என்று 2002இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமைப்புகளைக் குழப்பிக்கொள்வது செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்கை விசாரிக்கிறது; 2002இல் செயல்படத் தொடங்கிய சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிநபர்களை விசாரிக்கிறது. மனித உரிமைகள் பேரவையில் இருப்பவை 47 நாடுகள். மனித உரிமைகள் குழுவில் இருப்பவர்கள் 18 வல்லுநர்கள். தீர்ப்பு, ஆலோசனைக் கருத்து, குழுவின் முடிவு, பேரவைத் தீர்மானம் ஆகியவற்றின் கனமும் வேறு வேறு.

கட்டாயப்படுத்த ஆளில்லை என்பதற்காக மனித உரிமைகள் குழுவின் முடிவுகளை ஒதுக்கித் தள்ளவும் கூடாது. வயது வந்த ஆண்களின் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலச் சட்டம் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று 1994இல் அதே 18 பேர் குழு முடிவு சொன்னது. மாநிலம் அசையவில்லை. அந்த ஆண்டிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக ஒரு சட்டம் இயற்றியது. 1997இல் டாஸ்மேனியா தன் சட்டப் பிரிவுகளை நீக்கியது.