ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டருக்கு இன்னொரு வைரஸ் ஸ்கேனர்

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் நாள் முழுக்க ஊரார் பென்டிரைவ்தான். ஃபோல்டர்களெல்லாம் திடீரென்று ஷார்ட்கட்டாக மாறி நின்றால், இருக்கிற ஆன்டிவைரஸ் கோட்டை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்காக அதை எடுத்துவிட வேண்டாம். பக்கத்துணையாக மால்வேர்பைட்ஸ் என்ற வைரஸ் ஸ்கேனரின் இலவசப் பதிப்பைப் போடுங்கள்.

அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர லிங்க்கைத் தொடவே கூடாது. இன்ஸ்டால் ஆனதும் 14 நாள் பிரீமியம் டிரையல் ஓடினால், செட்டிங்ஸில் அதை நிறுத்திவிடுங்கள். எந்நேரமும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் இரண்டு ஒன்றாக ஓடினால் கம்ப்யூட்டர் திணறும். இலவசப் பதிப்பு நாம் சொன்னால்தான் ஸ்கேன் செய்யும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் அப்டேட் பாருங்கள். பழைய வைரஸ் பட்டியலை வைத்துத் தேடினால் புது வைரஸ் சிக்காது. சாதாரண ஸ்கேன் பென்டிரைவை முழுசாகப் பார்க்காது, கஸ்டம் ஸ்கேனில் அந்த டிரைவை டிக் செய்ய வேண்டும். சிக்கியதை உடனே அழிக்காமல் குவாரன்டைனில் (தனியே பூட்டி வைக்கும் இடம்) வையுங்கள்; தவறாகப் பிடித்திருந்தால் மீட்கலாம்.

காணாமல் போன ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். அவசரப்பட்டு ஃபார்மட் அடிக்காதீர்கள்.

இன்ஸ்டாலே வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இருக்கிறது. அதற்கு அப்டேட் கிடையாது. இறக்கி 10 நாளில் காலாவதி, பிறகு புதிதாக இறக்க வேண்டும்.