காது கேளாத குழந்தையின் கண்: பெற்றோர் கோட்டைவிடும் இடங்கள்

குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் காது மெஷின், ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்துகிற காக்ளியர் இம்ப்ளான்ட், பேச்சுப் பயிற்சி என்று ஓடுகிறோம், கண் டாக்டரிடமும் காட்ட வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. இதுதான் முதல் தவறு. காது நரம்பு பாதித்த பிள்ளைகளுக்குப் பார்வைக் கோளாறும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. பெரும்பாலும் கண்ணாடியில் சரியாகிற கோளாறுதான், ஆனால் உதட்டையும் சைகையையும் பார்த்தே பேச்சைப் பிடிக்கிற பிள்ளைக்கு அந்தச் சின்னக் குறையே பெரிய இழப்பு.

"எழுத்துகூடத் தெரியாதே, கொஞ்சம் வளரட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தே பவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள், குழந்தை ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். விளக்கை அணைக்கும் முன்பே என்ன நடக்கப்போகிறது என்று சைகையில் சொல்லிவிடுங்கள், இருட்டில் உங்கள் கை அதற்குத் தெரியாது.

என் பார்வையில் ஆபத்தான தவறு, சாயங்காலமானால் தடுமாறுகிற பிள்ளையை 'கவனமே இல்லை' என்று திட்டுவதும், வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் என்று நினைத்துக் கேரட்டும் முருங்கைக்கீரையும் கொடுத்து நிறுத்திக்கொள்வதும். அது காதையும் கண்ணையும் சேர்த்தே பாதிக்கிற பரம்பரைக் கோளாறான அஷர் சிண்ட்ரோமாக இருக்கலாம். முதல் வகையில் பிறவியிலேயே காது அநேகமாகக் கேட்காது, உடல் சமநிலையும் பாதிப்பதால் ஒன்றரை வயது தாண்டித்தான் நடக்கும், 10 வயதுக்குள் இரவுப் பார்வை குறைய ஆரம்பிக்கும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். இரண்டாம் வகையில் குழந்தை நேரத்துக்கு நடந்துவிடும், இரவுத் தடுமாற்றம் பதின்வயதில்தான் தெரியும். பள்ளி முகாமில் அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள், நேர்ப் பார்வை ரொம்ப நாள் நன்றாகவே இருக்கும். விழித்திரையை ஆராய்கிற ஈஆர்ஜி சோதனையும் மரபணுச் சோதனையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். டாக்டர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரையை அதிக அளவில் கொடுப்பது ஈரலுக்கே கேடு.

இது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேர்கிற கோளாறு, சொந்தத்தில் கட்டியவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். யார் பக்கத்துக் குறை என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. முதல் வகை என்று சீக்கிரம் தெரிந்தால் இம்ப்ளான்டைத் தள்ளிப்போடாமல் செய்துவிடலாம், பின்னாளில் சைகையை மட்டும் நம்பி இருக்க முடியாதே.

கர்ப்பத்தில் அம்மாவுக்கு ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வந்திருந்தால் அது குழந்தையின் காதோடு கண்ணையும் பாதிக்கலாம், அதனால் பிறந்ததுமே கண்புரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

கண்ணாடி போட்ட பிறகு காது மெஷின் உறுத்துகிறது என்று ஏதாவது ஒன்றைக் கழற்றி வைப்பதும் நடக்கிறது. மெல்லிய காம்பு உள்ள பிரேம் கேளுங்கள், கடைக்குப் போகும்போது மெஷினையும் மாட்டியே கூட்டிப்போங்கள்.